ஆட்டத்துக்கு ஒரு ஜோடி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பேத்தி புதுச்சேரியில் நடன வகுப்பு முடிந்து வந்தாள். ஆர்ச் கேட்டில் பஸ் இறங்கியதும் போன் செய்வாள், மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போவார். அதுதான் வழக்கம். அன்று போன் வரவில்லை. ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "தாத்தா, அவன் இனிமே வரமாட்டானாம். டீச்சர் சொன்னாங்க" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'அவன்' யார் என்று நண்பர்கள் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அவன் அவளுடைய ஆட்டத் துணை. அவள் கற்றுக்கொள்வது பால்ரூம் நடனம். ஆணும் பெண்ணும் கைகோத்துத் தளம் முழுவதும் சுற்றிவருவார்களே, அதுதான். பொழுதுபோக்காக ஆடுவது ஒரு வகை, போட்டிக்கு ஆடுவது இன்னொரு வகை. போட்டியில் வால்ஸ், டாங்கோ, வியன்னா வால்ஸ், ஃபாக்ஸ்டிராட், குயிக்ஸ்டெப் என்று ஐந்து ஆட்டம் ஒரு பிரிவு. சா-சா-சா, சாம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என்று லத்தீன் ஆட்டம் ஐந்து இன்னொரு பிரிவு. இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் 1920 முதல் இதற்கென்றே ஒரு விழா நடக்கிறது.

இந்த விளையாட்டில் காலைவிடக் கஷ்டம் ஜோடி. மற்ற விளையாட்டுகளில் பந்து, மட்டை வாங்கினால் ஆரம்பித்துவிடலாம். இதில் இன்னொரு மனிதர் வேண்டும். உயரம் பொருந்த வேண்டும். வயதுப் பிரிவும் தேர்ச்சியும் ஒத்துவர வேண்டும். ஒருவருக்குப் பரிசு ஆசை, மற்றவருக்கு உடம்பு இளைக்கும் ஆசை என்றால் சரிப்படாது. இரண்டு பேர் வீட்டிலும் பணமும் நேரமும் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு அதற்கு மேலேயே வேண்டியிருக்கிறது. உலகம் முழுவதும் பெண் பிள்ளைகள்தான் அதிகம் கற்க வருகிறார்கள், பையன்கள் குறைவு. அதனால் ஒரு சுமாரான பையனுக்கு மூன்று நல்ல பெண்கள் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் துணை கிடைக்காதவர்கள் தங்கள் ஆசிரியருக்கே காசு கொடுத்து அவரோடு போட்டியில் ஆடுகிறார்கள். அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் முறையாக ஒரு நடனப் போட்டி வைத்தார்கள். எது என்று பார்த்தால், தரையில் தலைகீழாகச் சுழலும் 'பிரேக்கிங்'. ஒற்றை ஆளாக ஆடுவது. ஜோடி ஆட்டம் வாசலிலேயே நிற்கிறது. பேத்தி அதைப் பார்த்து, "பாருங்க தாத்தா, அவங்களுக்கு யாரையும் தேட வேண்டாம்" என்றாள்.

மாப்பிள்ளை சுரங்கத்தில் வேலை செய்கிறவர். அவருக்கு எல்லாமே கன்வேயர் கணக்குதான். "பெல்ட்டு நின்னுட்டா, மண்ணு வெட்டுற அந்தப் பெரிய மெஷினும் நிக்க வேண்டியதுதான் மாமா. மெஷினு மேல தப்பே இருக்காது" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது.

நம் பக்கத்தில் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஆடும் பழக்கம் ஏன் வேரூன்றவில்லை என்று யோசித்தேன். கும்மியும் கோலாட்டமும் கூட்டமாக ஆடுவது. தெருக்கூத்தில் பெண் வேஷமும் ஆண்தான் கட்டுவார். இங்கிருந்து சிதம்பரம் கூப்பிடு தூரம். அங்கே ஆணும் பெண்ணும் ஆடியதாகச் சொல்லும் பெரிய கதையே ஒரு போட்டிக் கதை. சிவன் ஒரு காலை உச்சிக்குத் தூக்கினார், காளி நாணத்தால் தூக்கவில்லை, தோற்றாள், ஊர் எல்லைக்குப் போனாள். தில்லைக் காளி கோயில் இன்றும் அங்கேதான் இருக்கிறது. இருவரும் எதிர் எதிராக ஆடினார்கள், சேர்ந்து ஆடவில்லை. ஆனால் பாட்டில் நம்மிடம் ஜோடி உண்டு. ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை. ஒருவர் குருவின் மகன், மற்றவர் அந்தக் குருவின் மாணவர். சேர்ந்து பாடிப் பாடியே சகோதரர்கள் ஆனார்கள்.

ஒரு குமாஸ்தாவுக்கு இவ்வளவு நடன ஞானம் எப்படி என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. எங்கள் தெருவிலேயே சில 'சொல்தா' வீடுகள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வீடுகள், எழுதிக்கொடுத்தன. அப்படி ஒரு வீட்டுப் பெண் என்னோடு படித்தாள்.

ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாள். அன்று ராத்திரி நடன விருந்து நடக்கும். பிரெஞ்சில் அதற்கு 'பால்' என்று பெயர். முதல் தடவை "பாலுக்குப் போகிறேன்" என்று சொன்னதற்கு, அம்மா தூக்குச் சட்டியைக் கையில் கொடுத்தார்கள். அங்கேதான் வால்ஸ் கற்றேன். அன், தே, த்ருவா என்று மூன்று எண்ணிக்கை. ஆண் எந்தக் காலை முன்னால் வைக்கிறானோ அதற்கு எதிர்க்காலைப் பெண் பின்னால் எடுக்க வேண்டும். கூட ஆடும் ஆணுக்கு 'கவாலியே' என்று பெயர். குதிரை வீரன் என்று அர்த்தம். நான் இருந்த இருப்புக்கு அது பெரிய பட்டம்.

1967 டிசம்பரில் ஒரு சங்கத்தில் ஆண்டு முடிவு விருந்து. இளைஞர்களுக்கு வால்ஸ் போட்டி வைத்தார்கள். அவளும் நானும் பெயர் கொடுத்தோம். இரண்டு மாதம் அவர்கள் வீட்டு மாடியில், அவள் அம்மா காவலுக்கு உட்கார்ந்திருக்க, கிராமபோன் வைத்துப் பழகினோம். உண்மையைச் சொன்னால் நன்றாகவே ஆடினோம்.

போட்டிக்கு முதல் நாள் விஷயம் அப்பா காதுக்கு எட்டியது. அவர் கத்தவில்லை. "உனக்குக் கீழே ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க. நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். நான் போகவில்லை. போகாதது பெரிய தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வீடு, அந்தக் காலம் அப்படி. ஆனால் அவள் வீடு நாலு தெரு தள்ளித்தான். சைக்கிளில் ஐந்து நிமிஷம். போய், "என்னால் வரமுடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம். விளக்கணைத்துவிட்டு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சிநேகிதன் சொன்னான். பத்தரை மணி வரை சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். வாசல் பக்கம் யார் வந்தாலும் எழுந்து எழுந்து பார்த்தாளாம். துணை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பிரெஞ்சில் 'தாபிஸ்ரி' ஆகிவிட்டாள் என்பார்கள். சுவரில் தொங்கும் திரைச்சீலை என்று அர்த்தம். அந்த வார்த்தையை எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும். மறு வருஷம் அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். நான் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஆயிரக்கணக்கான கடிதங்களுக்குப் பதில் தயாரித்தேன். 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதினேன். அவளுக்கு எழுதவில்லை.

ஆகவே பேத்தியின் கதவு சாத்தியதும் எனக்கு உட்கார முடியவில்லை. மறுநாள் பண்ருட்டி முந்திரி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். "பன்னண்டாவது சார், படிக்கணும்" என்றார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகு நிஜம் வந்தது. யாரோ வாட்ஸ்அப்பில் ஆட்ட வீடியோவைப் போட்டிருக்கிறார்கள்.

"நீங்க பெரியவங்க சார். எனக்கு ஒரு பொண்ணு இருக்கு. அவ அண்ணன் யாரோ ஒரு பொண்ணு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஆடறான்னு நாளைக்கு ஒருத்தர் போனை நீட்டினா, நான் என்ன பதில் சொல்றது?"

கை இருப்பது இடுப்பில் இல்லை அம்மா, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு என் அப்பா புடவை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது போல் இருந்தது. அவருக்கு அன்று பதில் இல்லை, இவருக்கு இன்றும் என்னிடம் இல்லை.

"பையனைத் திரும்ப அனுப்புங்கன்னு கேட்க வரலீங்கம்மா. அது உங்க வீட்டு விஷயம். வரமுடியாதுன்னு அவனே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். டீச்சர் மூலமா வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். மாடி, கிராமபோன், நாற்காலி எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லாததை ஒரு வேற்று மனுஷியிடம் சொன்னேன். உள் அறைக் கதவுப் பக்கம் பையனின் நிழல் அசையாமல் நின்றது.

அன்று ராத்திரி பேத்திக்குப் போன் வந்தது. பத்து நிமிஷம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்தாள். கண் சிவந்துதான் இருந்தது. "தோசை இருக்கா?" என்றாள். நாலு தோசை சாப்பிட்டாள்.

இப்போது சாயங்காலம் ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு நான்தான் கவாலியே. அவளைவிட நாலு விரல் குள்ளம். வலது முழங்கால் மூன்றாவது சுற்றில் முனகும். குயிக்ஸ்டெப் என் ஆயுசுக்கு இல்லை. ஆனாலும் எண்ணிக்கை மறக்கவில்லை. "தாத்தா, நல்லா ஆடறீங்க" என்கிறாள். பொய்யாக இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

போட்டி நடுவர்கள் என்னை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகையால் இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெய்வேலி, கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பதினாறு பதினேழு வயதில், ஐந்தடி எட்டு அங்குலத்துக்குக் குறையாத பையன் யாராவது இருந்தால் வீட்டாரோடு வரட்டும். ஜாதகம் வேண்டாம். ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கற்றுக்கொடுப்பார்கள். வரமுடியாத நாளில் வரமுடியாது என்று முன்கூட்டியே சொல்லும் பழக்கம் ஒன்று இருந்தால் போதும்.