வாய் பொத்தப்பட்ட மரபணு

இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஹாரி ஏஞ்சல்மேன். வெவ்வேறு சமயங்களில் அவருடைய வார்டுக்கு வந்த மூன்று குழந்தைகள் அவரை யோசிக்க வைத்தார்கள். பேச்சு வரவில்லை. நடை விறைப்பாக இருந்தது. வலிப்பு வேறு. ஆனாலும் ஓயாத சிரிப்பு. மூவருக்கும் ஒரே கோளாறுதான் என்று தோன்றியது. நிரூபிக்க வழியில்லை, எழுதத் தயங்கினார்.

விடுமுறைக்கு இத்தாலி போனபோது வெரோனா அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம்: பொம்மைச் சித்திரத்தைக் கையில் பிடித்துச் சிரிக்கும் சிறுவன். தயக்கம் போயிற்று. 1965-ல் 'பொம்மைக் குழந்தைகள்' என்ற தலைப்பில் கட்டுரை வெளிவந்தது. அந்தப் பெயர் எல்லாப் பெற்றோருக்கும் பிடிக்கவில்லை. பிற்பாடு டாக்டரின் பெயரே நோய்க்கு நிலைத்தது.

1996-ல் ஏஞ்சல்மேன் காலமானார். காரணமான மரபணு பிடிபட்டது அடுத்த வருடம்தான்: 15-வது குரோமோசோமில் உள்ள யுபிஇ3ஏ. இது அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு உண்டு. ஆனால் மூளையின் நரம்பு செல்களில் அம்மா தந்தது மட்டுமே வேலை செய்யும். அது பழுதானால் அப்பா தந்தது கை கொடுக்காதா? கொடுக்காது.

டி.என்.ஏ. இரட்டை இழை. ஓர் இழையிலிருந்து மரபணுவின் ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படும், அதை வைத்துத்தான் புரதம் உருவாகும். அப்பா தந்த குரோமோசோமிலோ மற்ற இழையிலிருந்து, எதிர்த்திசையில், நீளமான இன்னொரு நகல் எடுக்கப்படுகிறது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில். மரபணுவின் நகல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இந்த 'எதிர் நகல்' நோயல்ல, இயற்கையின் ஏற்பாடு. ஆயிரக்கணக்கான மனித மரபணுக்களுக்கு இப்படி ஒன்று உண்டு. சில அடக்கும், சில ஊக்குவிக்கும்.

ஆக, நோயுற்ற பெரும்பாலான குழந்தைகளிடம் நல்ல மரபணு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, வாய் பொத்தப்பட்டு. கையை விலக்கினால்? எதிர் நகலைச் சிதைக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அப்பா தந்த மரபணு விழித்துக்கொண்டது. நினைவாற்றல் குறை ஓரளவு சரியானது என்று 2015-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது.

அடுத்து மனிதர்கள். முதுகுத்தண்டு நீரில் ஊசி. 2020-ல் ஒரு பரிசோதனையில் மருந்து பெற்ற முதல் 5 பேருக்கும் கால் தளர்ந்தது. மருந்து நிறுத்தப்பட்டது, ஐவரும் தேறினார்கள். பிறகு குறைந்த அளவில் பரிசோதனை தொடர்ந்தது. பெற்றோர்கள் மறுபடியும் கையெழுத்திட்டார்கள். சிரிப்பு அவர்களுக்குப் பழகியதுதான். காத்திருப்பது ஒரு வார்த்தைக்காக.