கிற்றாரின் செவி

இசைக்கருவிகளுக்கும் மூப்பும் பிணியும் உண்டு. மிருதங்கத்தின் தோல் கிழியும். வீணையின் மெழுகு இளகும். ஆர்மோனியத்தின் துருத்தி காற்றுப் போகும். இவற்றைச் செப்பனிடும் கைகள் நம்மிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. ஆனால் மின்சாரக் கிற்றார் ஊமையானால் என் செய்வது? எமது வீட்டில் அத்தகைய வினா எழுந்தபோது, விடையையும் வீட்டிலேயே தேட நேர்ந்தது. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, அதனை இங்கே எழுதுகின்றோம்.

அக்கிற்றார் எமது தமையனாருடையது. 1982 ஆம் ஆண்டு கொழும்பிலே, ஒருவர் பாவித்ததை விலைக்கு வாங்கினார். கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கோஷ்டியோடு அதை வாசித்தார். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, பாத்திரம் பண்டங்களை விட்டுவிட்டு, சேலையொன்றிற் சுற்றிய அக்கிற்றாரைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். இன்று அதை எடுத்து வாசிப்பவன் அவருடைய மகன். உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்பவன்.

அதன் மூன்று பிக்கப்புகளுள் பாலத்தை அடுத்திருந்தது ஒருநாள் ஓய்ந்துவிட்டது. தமையனார் தனி வாசிப்புக்கெல்லாம் நாடியது அதனையே. கடையொன்றிற் காட்டினோம். "இதைத் திருத்துவதைவிடப் புதுக் கிற்றார் வாங்குவது மேல்" என்றார்கள். அவர்கள் சொன்னது கணக்கு. எமக்கு அது கணக்கு அன்று.

பிக்கப் என்பது யாது? கிற்றாரின் செவி என்று அதனைக் கூறலாம். ஆறு தந்திகளுக்கும் கீழே ஆறு காந்த முனைகள். அவற்றைச் சுற்றித் தலைமயிரைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று. உருக்குத் தந்தி காந்தத்தின் மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைகின்றது. அந்த அசைவினாற் சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கின்றது. 1831 ஆம் ஆண்டு மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. நைலோன் தந்தியை மாட்டினால் இந்தச் செவிக்கு ஒன்றும் கேளாது.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1931 ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலே ஜோர்ஜ் போஷாம்ப் என்பவர் இத்தத்துவத்தைக் கிற்றாருக்கு வெற்றியுடன் பொருத்தினார். ஒற்றைச் சுருளிலே ஒரு குறை உண்டு: வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் அது சேர்த்துக் கேட்கும். 1955 ஆம் ஆண்டு கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர், ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த இரு சுருள்களைச் சேர்த்து, தந்தியின் ஒலி கூடவும் இரைச்சல் குறையவும் வழி கண்டார். எமது கிற்றாரிலிருப்பவை ஒற்றைச் சுருள்கள். இரைச்சல் இருக்கட்டும், அதே வகையையே பூட்டுவோம் என்று முடிவு செய்தோம்.

அப்போது பிள்ளை கேட்டான்: "சித்தப்பா, இதைக் கழட்டினால் அப்பாவின்ரை சத்தம் போய்விடுமோ?"

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. அவனிடம் இருப்பது தந்தையார் வாசித்த ஒலிநாடா ஒன்றுதான். அதிலுள்ள ஒலியும் இக்கருவியின் ஒலியும் ஒன்றாயிருப்பது அவனுக்குப் பெரும் ஆறுதல். ஆதலால், உண்மையிலே குற்றம் பிக்கப்பினுடையதுதானா என்பதை முதலில் அறிந்துகொள்வோம் என்றோம்.

இது எல்லோரும் கைக்கொள்ள வேண்டிய முறை. கிற்றார் ஊமையானால் பல வேளைகளிற் குற்றவாளி பிக்கப் அன்று. தெரிவு ஆளியோ, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியோ, வயர் செருகும் துளையோதான். கருவியை ஒலிபெருக்கியோடு இணைத்து, ஒலியைக் குறைத்து வைத்து, திருப்புளியின் நுனியாற் காந்த முனைகளை மெல்லத் தட்டினோம். இரண்டு பிக்கப்புகள் "டொக்" என்றன. மூன்றாவது வாய் திறக்கவில்லை. பின்னர் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி, தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பதினொரு திருகாணிகளையும் அகற்றி, வெள்ளைத் தகட்டைத் திருப்பினோம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதைப் பிள்ளை கொப்பியிலே வரைந்துகொண்டான். பிக்கப்பின் கம்பிகளை விடுவித்து மல்ரிமீற்றரால் அளந்தோம். நல்ல பிக்கப் ஏறக்குறைய 6,000 ஓம் காட்டிற்று. பழுதானது எதுவும் காட்டவில்லை. சுருளின் உள்ளே எங்கோ கம்பி அறுந்திருந்தது. வெளிமுனையில் அறுந்திருந்தால் மீண்டும் பற்றவைத்திருக்கலாம், அங்கே குறையில்லை.

கொழும்பிலிருந்து வேறொரு பிக்கப்பை வரவழைத்தோம். தடையின் அளவும், முனைகளின் இடைவெளியும் பழையதை ஒத்தனவாகப் பார்த்தோம். முனைகள் தந்திகளுக்கு நேரே நில்லாவிடின் ஓரத்துத் தந்திகளின் ஒலி மெலியும்.

பற்றவைக்கும் வேலையைப் பிள்ளையே செய்தான். நாம் பக்கத்தில் இருந்தோம். யன்னல்களைத் திறந்து வைத்தோம், கண்ணாடி அணிவித்தோம். ஈயத்தை நேரே உருக்கி மேலே விடுதல் தவறு. பொருத்து வாயைச் சூடாக்கினால் ஈயம் தானே உருகி ஓடிப் பற்றும். ஒளிரும் பொருத்தே உறுதியான பொருத்து. வெள்ளைக் கம்பி ஆளிக்கு. கறுப்புக் கம்பி திருகியின் முதுகுக்கு. அந்த முதுகு அகன்ற உலோகமாதலாற் சூடேறத் தாமதிக்கும். அதற்காக நெடுநேரம் சூட்டுக்கோலை வைத்தால் உள்ளிருப்பது கருகும். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்தோம். ஈயம் வயிற்றிற் சேரத்தக்க பொருளன்று.

இன்னும் இரண்டு சோதனைகள் இருந்தன. புதியதையும் நடுவிலுள்ளதையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தபோது ஓசை மெலிந்து மூக்காற் பாடுவதுபோல் இருந்தால், அவை ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்பது பொருள். புதியதன் இரு கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். எமக்கு அந்தச் சிரமம் நேரவில்லை. அடுத்து உயரம். தந்தியைக் கடைசிக் கட்டில் அழுத்திப் பிடித்து, முனைக்கும் தந்திக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் விட்டோம். அதனினும் நெருங்கினாற் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குழப்பும்.

பிள்ளை வாசித்தான். பின்பு ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டான். மீண்டும் வாசித்தான். "கொஞ்சம் கூர்மையாய் இருக்குது, சித்தப்பா. அப்பாவின்ரை சத்தம் இல்லை" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அதை மறுத்து அவனைத் தேற்ற நாம் முற்படவில்லை. பழைய காந்தம் வேறு, பழைய சுற்று வேறு. அந்த ஒலி அப்படியே மீளாது. அடுக்களையிலிருந்து வந்த அண்ணியார் சிறிது நேரம் நின்று கேட்டார். "உங்கட அண்ணரும் வாங்கின புதிசிலை இப்பிடித்தான், ஒரே இடத்திலை தடக்கித் தடக்கி அடிப்பார்" என்றார். பிள்ளை சிரித்துவிட்டான், நெடுநாட்களுக்குப் பின் அவன் தந்தையாரைப் பற்றிய பேச்சிலே சிரித்ததை அன்று கண்டோம்.

பழைய பிக்கப்பை நாம் எறியவில்லை. அறுந்த சுருளை நீக்கி, அதே காந்தங்களின் மேல் புதுக் கம்பி சுற்றுதல் இயலக்கூடியதே. பரீட்சை முடிந்ததும் அதையும் செய்து பார்ப்பதாகப் பிள்ளை சொல்லியிருக்கிறான். அது அவனுடைய வேலை. நாம் தலையிடப் போவதில்லை.

வீட்டிலே பழுதுபட்ட கருவி ஏதுமிருப்பின், எறிவதற்கு முன் பிள்ளைகளையும் கூட்டி வைத்து ஒருமுறை திறந்து பாருங்கள். குற்றம் எங்கே என்று முதலிற் காணுங்கள்; கழற்றுவதை வரைந்து வையுங்கள்; பின்னரே கை வையுங்கள். எல்லாம் முன்போல் ஆகிவிடும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடாதீர்கள். மீளாததை மீளாது என்று சொல்லி, மீளக்கூடியதை அவன் கையாலேயே மீட்கச் செய்யுங்கள். பெரியவர்கள் விட்டுச் சென்ற பொருள் பெட்டிக்குள் உறங்குவதைவிட, சிறிது குரல் மாறியேனும் பிள்ளையின் கையில் ஒலிப்பது நன்று.