தம்பியின் லைப்ரரிக்கு ஒரு பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய ஃபோர்ட்ரான் 77 நிரலைப் பைத்தானாக மாற்றும் உன் லைப்ரரி ஓடத் தொடங்கிவிட்டது என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆறாவது கட்டத்தில் பூஜ்யம் அல்லாத ஏதாவது எழுத்து இருந்தால் அந்த வரி முந்தைய வரியின் தொடர்ச்சி என்ற பழைய விதியைக்கூட நீ விடவில்லை. இத்தனை கவனமாகச் செய்த வேலைக்கு அவசரமாகப் பெயர் வைக்காதே.

நீ எழுதிய மூன்று பெயர்களில் 'எஃப்77டுபை' வேண்டாம். பைத்தானின் நம்பை லைப்ரரியோடு ஏற்கெனவே எஃப்2பை வருகிறது. அது மொழிபெயர்ப்பதில்லை, ஃபோர்ட்ரானைப் பைத்தானிலிருந்து கூப்பிட வழி செய்கிறது. தேடி வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃபோர்ட்ரான் 90-ஐயும் சேர்க்கப்போகிறேன், அடுத்து ஜூலியாவிலும் எழுதித் தர வைக்கப்போகிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அன்றைக்கு இந்தப் பெயர் பொய்யாகிவிடும்.

பேபல் கதை உனக்குத் தெரிந்திருக்கும். செபாஸ்டியன் மெக்கென்ஸி 2014-இல் அதை வெளியிட்டபோது பெயர் 6டு5. ஜாவாஸ்கிரிப்டின் ஆறாம் பதிப்பில் எழுதியதை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றும், அவ்வளவுதான் வேலை. வேலை அதைத் தாண்டி வளர்ந்துவிட்டதால் 2015 பிப்ரவரியிலேயே பேபல் என்று மாற்றினார்கள். ஆறாம் பதிப்பு தரநிலையாக வெளிவந்ததே அந்த ஜூனில்தான், அதுவும் ஈஎஸ் 2015 என்ற பெயரில். 6டு5 என்றே விட்டிருந்தால் அதன் பிறகு வந்த ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

எண் வைத்த பெயரே கூடாது என்று சொல்ல மாட்டேன். பைத்தானின் 2டு3 செய்ததெல்லாம் பைத்தான் 2 நிரலை பைத்தான் 3-க்கு மாற்றும் ஒரே வேலைதான். அந்த வேலை முடிந்தது, 3.13 பதிப்பில் அதை எடுத்தும்விட்டார்கள். பெல் லேப்ஸில் பிறந்த எஃப்2சி-யின் முதன்மை வேலை இன்றும் ஃபோர்ட்ரானை சி-யாக மாற்றுவதுதான். அவற்றுக்கு அந்தப் பெயர்கள் சரி. உன்னுடையது அப்படி நிற்கப்போவதில்லை.

'பாலம்', 'வழி' இரண்டும் கேட்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் டைப் செய்யப்போகிறவர்கள் ஆங்கில எழுத்தில்தானே செய்வார்கள்? பாலத்துக்கு ஒரு 'ஏ' போடுவதா, இரண்டா? ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். இது வெறும் எழுத்துப்பிழைத் தொல்லை மட்டுமில்லை. 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் 'கிராஸ்-என்வ்' என்ற பேக்கேஜின் நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு அதே பெயரில் ஒன்றை யாரோ ஏற்றினார்கள். தவறி அதை நிறுவியவர்களின் கணினியிலிருந்து ரகசியச் சாவிகள் திருடு போகும்படி அது எழுதப்பட்டிருந்தது. பைத்தான் பேக்கேஜ்களின் களஞ்சியமான பைபிஐயில் நடுக்கோடு, அடிக்கோடு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாம் ஒன்றாகவே கருதப்படும், அதனால் அவற்றை மாற்றி எழுதுவதால் ஆபத்தில்லை. ஆனால் கூடுதலாக ஓர் 'ஏ' போட்டால் அது வேறு பேக்கேஜ். அந்த இடத்தை நாமே திறந்து வைக்கக் கூடாது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: 'மரம்'. உன் லைப்ரரியில் உள்ளே வரும் மொழி மாறலாம், வெளியே போகும் மொழியும் மாறலாம். நடுவில் நீ கட்டும் தொடரியல் மரம் மாறாது. உன் உழைப்பில் பெரும்பங்கும் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். எண்ணில் தொடங்காததால் பைத்தானில் இம்போர்ட் செய்யவும் தடையில்லை.

முடிவு செய்வதற்கு முன் பைபிஐ, கிட்ஹப் இரண்டிலும் தேடு. வர்த்தகமுத்திரைப் பதிவேட்டையும் பார். ஃபயர்ஃபாக்ஸ் முதலில் ஃபீனிக்ஸ், பிறகு ஃபயர்பேர்ட். முதல் பெயருக்கு வர்த்தகமுத்திரைச் சிக்கல். இரண்டாவதில் அதே பெயர் கொண்ட டேட்டாபேஸ் திட்டத்தோடு தகராறு. 2004-இல்தான் இப்போதுள்ள பெயர் நிலைத்தது.

'மரம்' காலியாக இல்லையென்றால் உடனே எழுது, வேறு யோசிப்போம். காலியாக இருந்தால் இப்போது ஓடுகிற பதிப்பையே 0.1 என்று ஏற்றிவிடு, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அக்கா