ஓசூர் சாலையில் ஒரு யானைப் பாதை

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகும்போது, கிருஷ்ணகிரியைத் தாண்டியதுமே குழந்தைகள், "ஓசூர் எப்போது வரும்?" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா? சூளகிரி மலையைக் காட்டிச் சற்று நேரம் சமாளியுங்கள். அப்புறம் பேரண்டப்பள்ளிப் பக்கம் வந்ததும் சானமாவுக் காட்டைக் காட்டுங்கள். இன்னும் சிறிது தூரத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகும் ஓசூர். இவ்வளவு அருகில் காட்டுக்கு என்ன வேலை என்கிறீர்களா? யானைகள் தங்கிச் செல்லும் சத்திரம் அது!

ஐப்பசி, கார்த்திகையில் ராகிக் கதிர் முற்றும் சமயம், கர்நாடகத்துப் பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் புறப்படுகின்றன. ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாகச் சானமாவுக்கு வருகின்றன. மாநில எல்லைப் பலகையெல்லாம் அவற்றுக்கு ஏது? இருட்டியதும் நெடுஞ்சாலையைக் கடந்து வயல்களில் இறங்கிவிடும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டுமே!

அங்கே ஒரு வயலோரத்தில் நின்ற அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். "சாமி வந்து சாப்பிட்டுப் போச்சுங்க. கோவிச்சுக்க முடியுமா? ஆனா, என் பிள்ளைங்க வருஷம் பூரா களி திங்கணுமே!" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இப்படி நஷ்டப்பட்டவர்களில் சிலர் வேலியில் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். யானையோடு மனிதர்களும் மடிகிறார்கள். கூட்டமாகக் கூடிக் கூச்சலிட்டுக் கல்லெறிந்தாலோ, மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது?

நல்ல வழிகளும் இல்லாமலில்லை. வனத்துறைக் காவலர்கள் கூட்டத்தின் பின்னாலேயே அலைந்து கிராமங்களை எச்சரிக்கிறார்கள். யானைகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்திவைக்கிறார்கள். பயிர்ச் சேதத்துக்கு அரசாங்கம் நஷ்டஈடு தருகிறது. 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன.

தென்னாப்பிரிக்காவில் அட்டோ என்ற இடத்தில், 1931-ல் பதினோரு யானைகளே மிஞ்சியிருந்தன. 1954-ல் டிராம் தண்டவாளத்தையும் 'லிப்ட்' கம்பி வடத்தையும் கொண்டு வேலி போட்டார்கள். யானைக்குக் காயமில்லை, பயிருக்கும் சேதமில்லை! அதே மாதிரி எஃகு வட வேலி ஓசூர் வனக் கோட்டத்திலும் போடப்பட்டிருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலைக்கு வேலி போட்டால் வழியே அடைபட்டுவிடும். அங்கே மனிதர்கள்தான் பொறுமை காட்ட வேண்டும்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் மாலை அங்கே உங்கள் காரை நிறுத்தச் சொன்னால், ஹாரன் அடிக்காதீர்கள். போட்டோ எடுக்க யாரையும் கீழே இறங்க விடாதீர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா இருங்கள். தாய் யானை தன் குட்டியை அக்கரை சேர்க்கட்டும். யானைகள் மிரளாமல் போனால், வயலோரத்து அந்த அம்மாளுக்கும் அன்றிரவு பயமில்லாமல் தூக்கம் வரும்.