ஆற்றுத் தீவில் பிறந்த செனட்டர்

நெவில் பொனர் 1922 மார்ச் 28 அன்று, நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஆற்று முகத்திலுள்ள உக்கரபா தீவில் பிறந்தார். ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. மரத்தடியில், அரசாங்கம் ஆதிக்குடிகளுக்குக் கொடுத்த கம்பளி ஒன்றின் மேல் பிறந்தார். பொழுதுபட்டால் ஆதிக்குடிகள் நகர எல்லைக்குள் நிற்கக்கூடாது, விடிந்த பிறகுதான் வரலாம் என்பது அந்தக் காலத்து நடைமுறை. வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்ணுக்கும் அதில் விலக்கில்லை.

இங்கிலாந்தில் இருந்து வந்த தகப்பன், மகன் பிறக்கமுன்னரே விட்டுப் போய்விட்டார். தாயும் சிறுவயதிலேயே இறந்துபோக, பேரனை வளர்த்தது பாட்டி. லிஸ்மோர் பக்கத்து ஆற்றங்கரையில், நாயுண்ணிப் பற்றையைக் குடைந்து செய்த குடிலில் வாழ்ந்தார்கள். எழுத வாசிக்கத் தெரிந்தால்தான் இந்த நாட்டில் தலைநிமிரலாம் என்று பாட்டி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பதினான்கு வயதில், போடெசர்ட் அரச பாடசாலையில் ஒரேயொரு வருடம் படிக்கக் கிடைத்தது. அவருடைய முழுப் பள்ளிப்படிப்பும் அவ்வளவுதான்.

பிறகு கரும்பு வெட்டினார், மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தார். திருமணத்துக்குப் பின் மனைவியின் ஊரான பாம் தீவில் பல ஆண்டுகள் குடியிருந்தார். டவுன்ஸ்வில் கரைக்கு அப்பால் இருக்கும் அந்தத் தீவு அப்போது ஆதிக்குடிகளுக்கான அரச குடியிருப்பாக இருந்தது. உள்ளே வரவும் வெளியே போகவும் அதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. உழைத்த கூலியைக்கூட அரசாங்கமே பொறுப்பில் வைத்திருந்தது. இதை வாசித்தபோது எனக்கு, இலங்கையில் போர்க்காலத்தில் வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுக்க வரிசையில் நின்ற எங்கள் தமிழ்ச் சனம்தான் கண்ணுக்குள் வந்தது. சொந்த மண்ணில் நடமாட இன்னொருவர் ஒப்பமிட வேண்டியிருந்த வேதனையை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1967 சர்வசன வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் அதிகமானோர் ஆதிக்குடிகளுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அந்த ஆண்டுதான் பொனர் பழமைவாதக் கட்சியான லிபரல் கட்சியில் சேர்ந்தார். எங்கள் ஆட்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒடுக்கப்பட்டவர் தொழிற்கட்சியில்தானே இருப்பார் என்பது எங்கள் கணக்கு. 1971இல், தன் 49ஆவது வயதில், வெற்றிடமான குயின்ஸ்லாந்து இடமொன்றுக்கு நியமிக்கப்பட்டு செனட்டுக்குள் நுழைந்தார். அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் அமர்ந்த முதல் ஆதிக்குடி அவர்தான்.

அவர் செய்தவற்றில் நான் பெரிதாக மதிப்பது 1975 பெப்ரவரியில் செனட் ஏகமனதாக ஏற்ற அவருடைய தீர்மானம். 1788இல் பிரித்தானியக் கப்பல்கள் வருமுன்னரே இந்த நிலம் முழுவதும் ஆதிக்குடிகளின் உடைமையாக இருந்தது, அதை அரசு ஒப்புக்கொண்டு நட்டஈடு கொடுக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அது கேட்டது. ஆதிக்குடிகளின் நில உரிமையை ஏற்ற, உயர் நீதிமன்றத்தின் மாபோ தீர்ப்பு வந்தது 1992இல். அதற்குப் பதினேழு வருடம் முன்னரே, பழமைவாதக் கட்சியின் இருக்கையில் இருந்துகொண்டு ஒருவர் அதைக் கேட்டு, சபையை இணங்க வைத்திருக்கிறார்.

கட்சிக்குள் இருந்தாரே தவிர, கட்சிக்கு அடங்கிக் கிடக்கவில்லை. பலமுறை எதிர்த்தரப்போடு சேர்ந்து வாக்களித்தார். ஆதிக்குடி இளைஞர்கள் சிலரோ அவரை வெள்ளைக்காரரின் பொம்மை என்று ஏசினார்கள். நான் அந்த ஏச்சை ஏற்கவில்லை. பொம்மையாக இருந்திருந்தால் கட்சி அவரைக் கடைசிவரை வைத்திருக்கும். 1983 தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார்கள். செனட் தேர்தலில் பட்டியல் வரிசைதான் தலைவிதி. அவர் கட்சியை விட்டு விலகி சுயேச்சையாக நின்று, சிறிய வித்தியாசத்தில் தோற்றார். அதன்பின் பதினாறு வருடங்கள் அந்தப் பாராளுமன்றத்தில் ஒரு ஆதிக்குடிகூட இருக்கவில்லை. அடுத்த ஆதிக்குடி உறுப்பினரான ஏடன் ரிட்ஜ்வே செனட்டில் அமர்ந்தது 1999 ஜூலையில். பொனர் அந்த ஆண்டு பெப்ரவரியிலேயே இப்ஸ்விச்சில் காலமாகிவிட்டார்.

2023 ஒக்டோபரில், ஆதிக்குடிகளின் கருத்தைப் பாராளுமன்றத்துக்குச் சொல்லும் 'குரல்' என்ற அமைப்பு பற்றிய சர்வசன வாக்கெடுப்பு வந்தபோது, கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்:

"அண்ணை, இது எங்கட பிரச்சினையே? நாங்கள் வந்த சனம்."

"வந்த சனம் எண்டபடியால்தான் கேட்டு அறிய வேணும், தம்பி. நாங்கள் வீடு கட்டியிருக்கிறது ஆற்றை காணியில?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த வாக்கெடுப்பு எல்லா மாநிலங்களிலும் தோற்றது.

எங்கள் ஊரில் காணியும் உரிமையும் என்று வாழ்நாளெல்லாம் பேசிய நாங்கள், இங்கே காணி இழந்தவர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருப்பது நியாயமில்லை. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை ஒழிந்ததால் உள்ளே வந்தவர்கள் நாங்கள். அந்தக் கொள்கையை வைத்திருந்த அதே நாடு, அதே ஆண்டுகளில் பொனரின் சனத்தைத் தீவுகளில் அடைத்து வைத்திருந்தது.

பிரிஸ்பேனில் சவுத் பாங்கையும் குயின்ஸ் வார்ஃபையும் இணைக்கும் நடைபாலத்துக்கு அவர் பெயர் வைத்து 2024இல் திறந்தார்கள். மாலையில் எங்கள் குடும்பங்கள் நிறைய அதில் நடக்கின்றன, படம் எடுக்கின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த தவணைப் பாடங்களில் நெவில் பொனருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பாலத்தில் ஓடி விளையாடும் பிள்ளைகள் அவரைப் பற்றித் தமிழில் வாசிக்கட்டும்.