எதிர்ப்பக்கத்துத் தெரு

வேளச்சேரியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஸ்டுடியோ. இன்னும் வானம்கூடத் தோண்டாத அடுக்குமாடிகளை, ஆள் குடிவந்துவிட்ட மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது இவர்கள் பிழைப்பு. பில்டரின் பிரோஷரில் முதல் பக்கத்தில் வருமே, அந்தப் படம். ரெண்டர் என்பார்கள்.

"வெளிப்புற வியூன்னாலே ரோதனை கண்ணாடிதான் சார்" என்றார் குழுவின் மூத்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. சுவருக்கு நிறம் இருக்கிறது, கருங்கல்லுக்குச் சொரசொரப்பு இருக்கிறது. கண்ணாடிக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. உள்ளே இருப்பதும் எதிரே இருப்பதும் சேர்ந்துதான் அதற்கு முகம்.

புதிதாகச் சேர்ந்த தம்பியின் படத்தில் ஜன்னலெல்லாம் கரியாகக் கிடந்தது. உள்ளே அறையே கட்டவில்லை, பிறகு எது தெரியும்? அக்கா பின்சுவர் எழுப்பினார், விளக்கு போட்டார். ஒரு வீட்டில் திரையைப் பாதி இழுத்துவிட்டு, அடுத்த வீட்டில் முழுக்க மூடினார். தம்பி எல்லா ஜன்னலுக்கும் சரிபாதிப் பிரதிபலிப்பு வைத்திருந்தான். அதுவும் தப்பு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52. நேருக்கு நேர் பார்த்தால் ஒரு பரப்பு 4 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 8. பார்வை சாயச் சாய அது ஏறும். ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களில் போட்ட கணக்கு இது. தெருவில் நிற்பவனுக்குத் தரைத்தளத்தில் சோபா தெரிவதும், பத்தாம் மாடியில் வானம் மட்டுமே தெரிவதும் இதனால்தான்.

மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் எதிரிலிருந்த அலுவலகக் கட்டடத்தைக் காட்டினார். அதன் கண்ணாடியில் ஒரு தென்னை விழுந்திருந்தது, ஆனால் முழு மரமாக இல்லை. ஒரு சட்டத்தில் தண்டு இடப்பக்கம் விலகி, அடுத்ததில் வளைந்து, அதற்கும் மேலே மட்டை மட்டும் தனியாக நின்றது. உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு எடுக்கும் கண்ணாடித் தகடு (பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்த முறை, ஸ்ரீபெரும்புதூரிலும் அப்படித்தான் செய்கிறார்கள்) பிறக்கும்போது மட்டமாகத்தான் இருக்கிறது. கெட்டிப்படுத்தும் உலையில் உருளைகள்மேல் இளகி ஓடும்போது அலை விழுகிறது. இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் நடுவில் அடைபட்ட காற்று வெயிலில் விரிந்து தகட்டை உப்ப வைக்கும். போதாதற்கு, மாட்டுகிறவர் கை எல்லாச் சட்டத்துக்கும் ஒன்றாக இருக்காது.

கீழே வந்து, ஒவ்வொரு கண்ணாடியையும் அரை டிகிரிக்கும் குறைவாக, ஆளுக்கொரு பக்கம் திருப்பினார். பரப்பின் மேடுபள்ளத்தைத் தீர்மானிக்கும் 'பம்ப்' அமைப்பில் மிக நீளமான, மிக லேசான அலை ஒன்று. அட்டைப்பெட்டியாக நின்றது கட்டடமாகிவிட்டது.

மிச்சமிருந்தது எதிர்ப்பக்கம். படத்தில் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் உலகம் கண்ணாடியில் மட்டும்தான் தெரியும். அதற்காக இணையத்தில் வாங்கும் வானப் படங்கள் பல ஐரோப்பாவில் எடுத்தவை. பள்ளிக்கரணை ஃபிளாட்டின் பால்கனிக் கண்ணாடியில் இலையுதிர்ந்த மரம் நிற்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் யாரும் புகார் சொல்வதில்லையாம். அக்கா மனைக்கு எதிரிலிருந்த தெருவையே வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து வந்து வைத்தார். கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், டிரான்ஸ்பார்மர், கேபிள் ஒயர்கள் எல்லாம் ஜன்னலில் ஏறின. நான் பார்த்ததிலேயே உண்மையான ரெண்டர் அதுதான்.

பில்டர் தரப்பிலிருந்து போன் வந்தது: அந்தத் தொட்டி எதற்கு, மரம் போடுங்கள். வீடு வாங்குகிறவர் நாளைக்கு ஜன்னலைத் திறந்தால் எதைப் பார்க்கப்போகிறாரோ, அது அந்த ஜன்னலிலேயே இருந்தது. அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார்கள். பூங்காவையும் நீச்சல்குளத்தையும் மிகைப்படுத்துவதைவிட இது எனக்குப் பெரிய பொய்யாகப் பட்டது. அக்காவுக்கு அப்படியெல்லாம் இல்லை; பத்து நிமிடத்தில் தொட்டி போய் தூங்குமூஞ்சி மரம் வந்தது.

மூன்றாம் மாடி ஓரத்தில் மட்டும் ஒயர் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. விட்டுப்போச்சா என்று கேட்டேன்.

"விட்டுவச்சிருக்கேன் சார். அது இல்லேன்னா அந்தக் கண்ணாடி செத்துப்போயிடுது. பெருசாக்கிப் பார்த்தாத்தான் தெரியும். யாரு பார்க்கிறாங்க?"