பின்னிருக்கையில் கற்ற பாடம்



கொல்கத்தாவின் கிழக்கே உள்ள நியூ டவுனில் வசிக்கும் ஒரு தமிழ் விசுவாசக் குடும்பத்தைச் சந்திக்கத் தேவன் கிருபை செய்தார். ராஜர்ஹாட்டின் வயல்களும் நீர்நிலைகளும் இருந்த இடத்தில், 1999-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட ஹிட்கோ என்னும் அரசு நிறுவனம் திட்டமிட்டு அமைத்த நகரம் இது. அகன்ற பிஸ்வ பங்களா சரணி, 480 ஏக்கர் பரப்புள்ள எக்கோ பார்க், வானளாவும் குடியிருப்புகள், கணினி அலுவலகங்கள் என யாவும் விசாலமாக உள்ளன. அந்த விசாலமே நடந்து செல்பவனுக்குப் பாரமாகிறது.

ஹௌரா மைதானத்திலிருந்து செக்டர்-5 வரையிலான மெட்ரோ பாதை 2025 ஆகஸ்டில் முழுமை பெற்றது. ஆனால் நியூ டவுன் அதற்கும் அப்பால் பரந்து கிடக்கிறது. பேருந்துகள் பெரும்பாலும் பெருஞ்சாலையிலேயே செல்கின்றன. பங்கு ஆட்டோ குறித்த தடத்தில் மட்டுமே ஓடும். ஆள் நிரம்பும்வரை காத்திருக்கவும் வேண்டும். தனியே கார் அமர்த்தினால் செலவு அதிகம். கைப்பேசியில் அழைத்தால் பைக் டாக்ஸியோ வாசலுக்கே வருகிறது. கட்டணமும் முன்னரே தெரிந்துவிடுகிறது.

அக்குடும்பத்துச் சகோதரி கூறினார்: “பாஸ்டர், வேகத்திற்காக மட்டும் நான் இதில் ஏறுவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்தபின், கடைசி இரண்டு கிலோமீட்டரைத் தனியே நடக்க இயலாது. வண்டி வரும் வழியை என் கணவரும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்.”

மறுநாள் மாலை ஜெபக்கூட்டத்திற்கு நேரமாகிவிட்டதால் நானும் பைக் டாக்ஸியை அழைத்தேன். ஓட்டுநர் தலைக்கவசத்தை நீட்டினார். “சிறிது தூரம்தானே, சீக்கிரம் போங்கள்” என்றேன். அந்த வாலிபர் வண்டியை எடுக்கவில்லை. “ஐயா, உங்களுக்காகவும் வீட்டில் காத்திருப்பார்கள், எனக்காகவும் காத்திருப்பார்கள்” என்று இந்தியில் அமைதியாகச் சொன்னார். நான் வெட்கப்பட்டேன். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம் என்பதை நான் அறியாதவனல்லவே! தேவனுடைய வேலைக்குச் செல்கிறேன் என்ற எண்ணமே என்னைக் கவனமற்றவனாக்கிவிட்டது.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் சமாரியன், காயப்பட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிப் பத்திரமாய்ச் சேர்த்தான். அன்று எனக்குப் பிறனாயிருந்தவர் அந்த வாலிபரே.

பிரியமானவர்களே, நம்மைச் சுமந்து செல்பவரும் பிழைப்புக்காகச் சாலையில் நிற்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளை. அவரை அவசரப்படுத்தாதிருங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். தலைக்கவசத்தை மறுக்காதிருங்கள். இறங்கும்போது ஒரு நன்றி சொல்லுங்கள்.

உங்கள் பயணங்களைக் கர்த்தர் காத்தருள்வாராக! ஆமென்.